சீரியல் தடத்தைக் கண்காணித்தல்: நெய்வேலி மின்நிலையத் தலைமுறைகளை முன்வைத்து ஒரு வரலாற்று ஆய்வு

ஒரு கருவி மற்றொரு கருவிக்குச் சொல்ல வேண்டியதை பிட் பிட்டாக, ஒன்றன்பின் ஒன்றாக ஒரே தடத்தில் அனுப்பும் முறை தொடர்நிலைத் தகவல்தொடர்பு எனப்படும். மின்நிலையங்களிலும் ஆலைகளிலும் பணிபுரிவோர் அதைச் சீரியல் என்றே வழங்குவர். அந்தத் தடத்தில் என்ன போகிறது, எந்தக் கணத்தில் போகிறது, போனது சிதையாமல் சேர்ந்ததா என்று அறிவதற்கான கருவிகளும் மென்பொருள்களும் கடந்த அறுபது ஆண்டுகளில் பல படிகளைக் கடந்திருக்கின்றன. நெய்வேலி பழுப்பு நிலக்கரி நகரியத்தின் மின்நிலையத் தலைமுறைகளைக் காலக்கோலாக வைத்து அவ்வளர்ச்சியைப் பின்தொடரும் இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து ஒன்றே: கண்காணிப்புக் கருவி மலிவாகவும் வசதியாகவும் ஆக ஆக, அது கம்பியை விட்டு விலகிப் போனது, கம்பியில் நடப்பதை நேரே பார்த்த கருவியின் இடத்தில், நடந்ததாக இயங்குதளம் சொல்வதைப் பதிவு செய்யும் மென்பொருள் வந்து அமர்ந்தது.

நெய்வேலியைக் காலக்கோலாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. 1956 நவம்பரில் நிறுவனம் உருவாகி, 1957 மே மாதத்தில் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்து, 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரிப் படிவம் வெளிப்பட்ட இந்நகரியத்தில், சோவியத் ஒத்துழைப்போடு எழுந்த முதல் அனல் மின் நிலையத்தின் 50 மெகாவாட் அலகு 1962-இல் இயங்கத் தொடங்கியது. 50 மெகாவாட் அலகுகள் ஆறும் 100 மெகாவாட் அலகுகள் மூன்றுமாக அந்நிலையம் 1970-இல் 600 மெகாவாட் திறனை எட்டியது. தலா 210 மெகாவாட் கொண்ட ஏழு அலகுகளுடன் இரண்டாம் அனல் மின் நிலையம் 1986-க்கும் 1993-க்கும் இடையில் வளர்ந்தது. முதல் நிலையத்தின் விரிவாக்கம் 2002-03-இலும், இரண்டாம் நிலையத்தின் விரிவாக்கம் 2015-இலும், 500 மெகாவாட் அலகுகள் இரண்டைக் கொண்ட புதிய அனல் மின் நிலையம் 2019-க்கும் 2021-க்கும் இடையிலும் சேர்ந்தன. 1962-இன் நிலையம் 2020 செப்டம்பரில் ஓய்வு பெற்றபோது, அதே வேலிக்குள் ஐந்து காலங்களின் கருவியியல் அடுக்கடுக்காகப் படிந்திருந்தது. இரண்டாம் நிலையத்துக்குள்ளேயே முதற்கட்டத்தில் ஹங்கேரியக் கொதிகலன்களும் இத்தாலிய டர்பைன்களும், இரண்டாம் கட்டத்தில் ஜெர்மானியத் தொழில்நுட்பத்தில் பெல் (BHEL) நிறுவனம் வழங்கிய இயந்திரங்களும் நின்றன. வெவ்வேறு நாட்டாரும் வெவ்வேறு காலத்தாரும் செய்த கருவிகள் ஒன்றோடொன்று பேச வேண்டிய இடத்தில்தான் சீரியல் தடம் தேவைப்படுகிறது; அது பழுதானால் இரு தரப்பும் அடுத்தவர் மீது கைகாட்டுவதும் அங்கேதான்.

அளவி ஒன்றுக்குக் கம்பி ஒன்று

முதல் நிலையம் கட்டப்பட்ட காலத்தில் உலகெங்கும் மின்நிலையக் கட்டுப்பாட்டு அறை என்பது முள் அளவிகளும் தாள் சுருளில் கோடிழுக்கும் பதிவுக்கருவிகளும் நிறைந்த பலகைகளின் வரிசையாகவே இருந்தது. ஒவ்வோர் அளவீட்டுக்கும் தனித்தனி இணைக்கம்பியோ, அழுத்தக் காற்றைச் சுமக்கும் மெல்லிய செப்புக் குழாயோ களத்திலிருந்து பலகை வரை வந்தது. பின்னர் நிலைபெற்ற 4 முதல் 20 மில்லியாம்பியர் மின்னோட்ட முறை, இந்த ஏற்பாட்டின் முதிர்ந்த வடிவம். அளவீடு சுழியாக இருக்கும்போதும் 4 மில்லியாம்பியர் ஓடும் என்பதால், மின்னோட்டம் முற்றிலும் நின்றால் கம்பி அறுந்தது என்று பொருள். பழுதைத் தானே அறிவிக்கும் இந்தக் குறிகையைச் சோதிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். 12 மில்லியாம்பியர் காட்டினால் அளவீடு சரிபாதியில் நிற்கிறது என்பதைக் கருவிப்பிரிவின் புதிய பயிற்சியாளரும் சொல்லிவிடுவார்.

சீரியல் தடத்தில் இந்த எளிமை இல்லை. அதன் மின்னழுத்தம் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை மாறுவதால், மல்டிமீட்டர் காட்டும் சராசரி எண்ணைக் கொண்டு தடத்தில் உயிர் இருக்கிறதா என்பதை ஒருவாறு ஊகிக்கலாமே தவிர, செய்தி சரியா என்பதை அறிய வழியில்லை. நூறு கம்பிகளை ஒரே தடமாகச் சுருக்கியதில் கிடைத்த சிக்கனத்துக்கு ஈடாக, தடத்தை வாசிக்கத் தனிக்கருவி தேவைப்பட்டது. கண்காணிப்பு மென்பொருளின் பிறப்புக் காரணம் இதுதான்.

அதன் மூதாதையைத் தந்தித் துறையில் காணலாம். சென்னை கிண்டியில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் நிறுவனம், இத்தாலியின் ஒலிவெத்தி நிறுவனத்துடன் இணைந்து தயாரித்த தொலைஅச்சுப்பொறிகள் ஒவ்வோர் எழுத்தையும் ஐந்து பிட்டுகளாகப் பிரித்து, முன்னே ஒரு தொடக்கக் குறிகையும் பின்னே ஒரு முடிவுக் குறிகையும் சேர்த்து அனுப்பும் மரபைச் சேர்ந்தவை. வழக்கமான 50 பாட் வேகத்தில், அதாவது நொடிக்கு 50 அலகுகள் என்ற வேகத்தில், ஒரு பிட் 20 மில்லிவினாடியும், முடிவுக் குறிகை அதன் ஒன்றரை மடங்கும் நீள, ஓர் எழுத்து 150 மில்லிவினாடியில் கடந்து போகும். தடத்தைச் சோதிக்க ஆர், ஒய் என்னும் இரு எழுத்துகளை மாறி மாறி அடிப்பது பன்னாட்டு வழக்கமாக இருந்தது; ஒன்றின் குறியீடு 01010, மற்றதன் குறியீடு 10101 என்பதால், தடமும் காந்தமும் நெம்புகோல்களும் ஓய்வே இல்லாமல் நிலை மாற வேண்டியிருக்கும், தளர்ந்த பாகம் எதுவானாலும் தாளில் பிழையெழுத்தாக வெளிப்பட்டுவிடும். இன்றைய சோதனை மென்பொருள்கள் ஒன்றும் சுழியும் மாறி மாறி வரும் பைட்டைத் தொடர்ந்து அனுப்பிப் பார்ப்பது இதே உத்தியின் வாரிசு.

பெட்டியும் பகுப்பானும்

அமெரிக்க மின்னணுத் தொழிலகச் சங்கம் 1960-இல் வெளியிட்டு, 1969-இல் மூன்றாம் திருத்தத்தில் நிலைபெற்ற ஆர்.எஸ்.-232 தரமுறை, கணினிக்கும் மோடத்துக்கும் இடையிலான இணைப்பை வரையறுத்தது. ஏற்கும் முனையில் +3 வோல்ட்டுக்கு மேற்பட்டது 0, −3 வோல்ட்டுக்குக் கீழ்ப்பட்டது 1, இடைப்பட்டது பொருளற்றது. கம்பி நீளம் 15 மீட்டர் அளவில் நிற்க வேண்டும். தரமுறை மோடத்துக்கென எழுதப்பட்டதால், மோடம் இல்லாமல் இரு கருவிகளை நேரே இணைக்கும்போது இரண்டும் ஒரே கம்பியில் பேசி, ஒரே கம்பியில் கேட்கும் நிலை எளிதில் உண்டாகும். அனுப்பும் முனையையும் பெறும் முனையையும் குறுக்கே மாற்றிக் கட்டுவதுதான் அதற்கு மருந்து. சீரியல் பழுதுகளில் மிகப் பழையதும் இன்றும் அடிக்கடி நேர்வதும் இதுவே.

இத்தகைய பழுதைக் கண்டறியப் பயன்பட்ட முதல் கருவி, இணைப்பிகளுக்கு நடுவே செருகப்படும் ஒரு சிறு பெட்டி. இருபத்தைந்து முனைகளையும் வெளியே காட்டி, முக்கியமானவற்றின் நிலையைச் சிவப்பு, பச்சை விளக்குகளால் தெரிவித்து, சிறு கம்பித் துண்டுகளால் முனைகளை மாற்றி இணைக்க இடம் கொடுத்தது அது. தடம் பேசுகிறதா, எந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறது என்று சொல்ல அதனால் முடிந்தது. என்ன பேசுகிறது என்று சொல்ல முடியவில்லை. அந்த இடைவெளியை 1970-களின் இறுதியில் தொடங்கி ஹியூலட்-பக்கார்ட் போன்ற அளவைக் கருவி நிறுவனங்களின் நெறிமுறைப் பகுப்பான்கள் நிரப்பின. நெறிமுறை என்பது இரு கருவிகளும் ஒத்துக்கொண்ட செய்தியமைப்பு. பகுப்பான் அந்தத் தடத்தில் தானும் ஒரு காதாகத் தொற்றிக்கொண்டு, இரு திசைகளிலும் போகும் எழுத்துகளைத் தன் சிறு திரையில் மேலும் கீழுமாக இரு வரிகளில் காட்டியது. கேட்பது மட்டுமே அதன் வேலை. கம்பியின் மின்னழுத்தத்தைத் தன் சொந்த மின்சுற்றால் நேரே அளந்ததால், அது காட்டிய நேரக்குறி கம்பியின் நேரமாகவே இருந்தது. விலைதான் எட்டாதது, ஒரு தொழிற்கூடத்தில் ஒன்று இருந்தாலே பெரிது என்னும் அளவுக்கு.

1979-இல் மாடிகான் நிறுவனம் தன் நிரல்படு கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கென வெளியிட்ட மாட்பஸ் நெறிமுறையும், 1983-இல் வந்த ஆர்.எஸ்.-485 தரமுறையும் சேர்ந்து சீரியல் தடத்தை மேசையிலிருந்து இறக்கி ஆலைக்களத்துக்குக் கொண்டு சென்றன. ஆர்.எஸ்.-485, தகவலை இரு கம்பிகளுக்கு இடையிலான வேறுபாடாக அனுப்புவதால் இரைச்சலைத் தாங்கும். 1200 மீட்டர் வரை ஓடும். ஒரே தடத்தில் 32 கருவிகளைத் தாங்கும். இரண்டாம் அனல் மின் நிலையம் உருவான ஆண்டுகள் இந்த மாற்றம் உலகெங்கும் பரவிய ஆண்டுகள்.

காம் போர்ட்டின் பொற்காலம்

1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். தனிக்கணினி, பகுப்பானின் விலையை வீழ்த்தியது. அக்கணினியின் காம் போர்ட் எனப்படும் சீரியல் முனையை இயக்கிய 8250 என்னும் சில்லு, பிட்டுகளை எழுத்தாகவும் எழுத்தைப் பிட்டுகளாகவும் மாற்றும் யூ.ஏ.ஆர்.டி. வகையைச் சேர்ந்தது. டாஸ் இயங்குதளத்தில் ஒரு நிரல் ஓடும்போது கணினி முழுவதும் அந்நிரலின் கைக்குள் இருந்தது. இடையே புகுந்து நேரத்தைப் பிடுங்க வேறு யாருமில்லை. ஆகவே மென்பொருள் எழுதுவோர் சில்லின் பதிவேடுகளை நேரே தொட்டு, ஒவ்வோர் எழுத்து வந்த கணத்திலும் கணினியின் நேரங்காட்டிச் சில்லை வாசித்து, மில்லிவினாடிக்கும் நுண்ணிய நேரக்குறியைப் பதித்தனர். ஆங்கில ஒய் எழுத்தைப் போல் பிரியும் ஒரு கேபிளால் முதல் காம் போர்ட்டை ஒரு திசைக்கும் இரண்டாம் காம் போர்ட்டை மறுதிசைக்கும் ஒட்டுக்கேட்க வைத்தால், விலை மிகுந்த பகுப்பானின் வேலையில் பெரும்பகுதியை ஒரு சாதாரணக் கணினி செய்துவிட்டது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1981-இல் தொடங்கிய கெர்மிட் போன்ற முனைய நிரல்கள் எழுத்தை அனுப்பவும் பெறவும் உதவின. ஆனால் கண்காணிப்பு என்ற தனித்துறை உருவானது, இந்த நேரக்குறி வைத்த ஒட்டுக்கேட்பு நிரல்களால்தான்.

நேரக்குறி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை மாட்பஸ் செய்தி ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் விளங்கும். முதலாம் எண் கருவியிடம், அதன் தொடக்க நினைவிடத்திலிருந்து நான்கு மதிப்புகளைக் கேட்கும் வினா, பதினாறின் அடியிலான எண்களில் எழுதினால், 01 03 00 00 00 04 44 09 என்ற எட்டு பைட்டுகள். முதலாவது முகவரி, இரண்டாவது வாசி என்ற கட்டளை, அடுத்த இரண்டு தொடக்க இடம், அதற்கடுத்த இரண்டு எண்ணிக்கை, கடைசி இரண்டும் செய்தி சிதையவில்லை என்பதைக் கணக்கிட்டு உறுதி செய்யும் சோதனைக்குறி. விடை 01 03 08 என்று தொடங்கி, எட்டு பைட் மதிப்புகளும் இரண்டு பைட் சோதனைக்குறியுமாகப் பதின்மூன்று பைட்டுகளில் முடியும். செய்தி இங்கே தொடங்குகிறது, இங்கே முடிகிறது என்று அறிவிக்கும் தனி அடையாளம் எதுவும் இதில் இல்லை. மூன்றரை எழுத்து நேரம் தடம் அமைதியாக இருந்தால் ஒரு செய்தி முடிந்தது என்பதே விதி. 9600 பாட் வேகத்தில், பாரிட்டி எனப்படும் ஒற்றை இரட்டைச் சரிபார்ப்புப் பிட்டையும் சேர்த்து ஓர் எழுத்துக்குப் பதினோரு பிட் என்றால், ஓர் எழுத்து 1.15 மில்லிவினாடி எடுக்கும். அமைதி 4 மில்லிவினாடி நீள வேண்டும். அந்த அமைதியும் செய்தியின் இலக்கணத்தில் ஒரு பகுதியாதலால், அதை அளக்க முடியாத கண்காணிப்பு மென்பொருள் பாதி இலக்கணத்தைத் தவறவிடுகிறது.

ஆர்.எஸ்.-485 தடத்தில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. வினாவும் விடையும் அதே இரு கம்பிகளில் போவதால், கேட்கும் மென்பொருளுக்குத் திசை தெரியாது. மேலே காட்டிய வினாவும் விடையும் 01 03 என்றே தொடங்குகின்றன. அடுத்த பைட் 00 என்றால் வினாவாக இருக்கக்கூடும், 08 என்றால் விடையாக இருக்கக்கூடும் என்று மென்பொருள் ஊகிக்கிறது. நடுவில் ஒரு பைட் தவறினால் ஊகம் சரிந்து, அடுத்து வரும் நூறு வரிகளும் தலைகீழாகப் பிரித்துக் காட்டப்படும். அனுபவமுள்ள பொறியாளர்கள் மென்பொருளின் அழகிய வண்ண விளக்கத்தை ஒதுக்கிவிட்டு வெறும் பைட்டுகளைப் பார்ப்பது பழமைப் பிடிவாதம் அன்று.

சோதனையும் கண்காணிப்பும் வேறு வேறு என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். ‘மாட்பஸ் போல்’ (Modbus Poll), மாட்ஸ்கேன் முதலிய மென்பொருள்கள் தாமே தலைமைக் கருவியாக நடித்து வினா எழுப்புபவை. மேசையில் ஒரு மீட்டரைச் சோதிக்க அவற்றைவிடச் சிறந்தவை இல்லை. ஆனால் இயங்கிக்கொண்டிருக்கும் அலகின் தடத்தில் அவற்றை இணைத்தால், ஒரே தடத்தில் இரண்டு தலைமைகள் மோதும். பழுதைக் கண்டறியப் போனவரே பழுதாகிவிடுவார்.

களத்தின் இரைச்சல்

நெய்வேலிச் சுரங்கங்களின் புவியமைப்பு, சீரியல் தடத்துக்கு உகந்ததன்று. பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே அழுத்தம் மிகுந்த நிலத்தடி நீர் மேல்நோக்கி முட்டுவதால், சுரங்கத்தைச் சுற்றிலும் பம்புகள் இரவுபகலாக நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மண்ணை அகழும் பக்கெட் வீல் இயந்திரங்களும், அகழ்ந்ததைக் கிலோமீட்டர் கணக்கில் சுமக்கும் கன்வேயர் பெல்ட்டுகளும், மண்ணைப் பரப்பும் ஸ்பிரெடர்களும் பெருந்திறன் மோட்டார்களால் ஓடுபவை. அத்தகைய மோட்டார் ஒன்று புறப்படும் கணத்திலோ, எர்த் கம்பியில் பழுது மின்னோட்டம் பாயும்போதோ, ஒரு கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இரு பெட்டிகளின் நிலமின்னழுத்தம் பல வோல்ட் வேறுபடலாம். ஆர்.எஸ்.-485 ஏற்பி −7 முதல் +12 வோல்ட் வரையிலான பொது மின்னழுத்தத்தைத்தான் தாங்கும் என்பது தரமுறை. அந்த எல்லை மீறப்படும்போது தடத்தில் பைட்டுகள் சிதையும், சில நேரம் சில்லே கருகும். தனிமைப்படுத்தும் மின்சுற்றும் ஒளியிழையும் இத்தகைய இடங்களில் ஆடம்பரமல்ல, அடிப்படைத் தேவை.

சுழலும் இயந்திரத்தின் மேற்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் இடையே குறிகையைக் கடத்தும் வழுக்கு வளையங்கள் இன்னொரு தலைவலி. கார்பன் தூரிகை தேய்ந்தோ தூசு படிந்தோ இருந்தால், இயந்திரம் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் திரும்பும்போது மட்டும் தொடர்பு அறுந்து, உடனே ஒட்டிக்கொள்ளும். கண்காணிப்பு மென்பொருளின் பதிவில் இது சோதனைக்குறி பிழையாகவும் விடை வராத வினாவாகவும் மட்டுமே தெரியும். ஏன் என்பது தெரியாது. பிழை வந்த நேரங்களை இயந்திரத்தின் சுழற்சிக் கோணத்தோடு ஒப்பிட்டாலொழிய, பழி மென்பொருள் மீதும் மோடத்தின் மீதும் விழுந்துகொண்டே இருக்கும். தடத்தின் இரு முனைகளிலும் இட வேண்டிய 120 ஓம் மின்தடை விடுபட்டால் உண்டாகும் எதிரொலிப்பும் அப்படியே: பைட் கெட்டது என்று மென்பொருள் சொல்லும், அலைவடிவத்தைப் பார்க்கும் ஆசிலோஸ்கோப் மட்டுமே காரணத்தைச் சொல்லும்.

விலகல்

விண்டோஸ் காலத்தின் முதல் பரிசு ஹைப்பர் டெர்மினல். ஹில்கிரேவ் நிறுவனம் எழுதி, விண்டோஸ் 95 தொடங்கி எக்ஸ்பி வரை இயங்குதளத்தோடு இலவசமாகவே வந்த அந்நிரல், விஸ்டாவில் கைவிடப்பட்டது. எழுத்து வடிவில் பேசும் மோடத்துக்காக எழுதப்பட்ட அது, மாட்பஸ் போன்ற இருநிலை எண் செய்திகளைப் பொருளற்ற குறிகளாகத் திரையில் சிதறவிட்டது. பதினாறடி எண்களில் காட்டும் வசதியும் நேரக்குறியும் அதில் இல்லை. பழுதறிதலுக்கு இவ்வளவு பரவலாகப் பயன்பட்டும் இவ்வளவு பொருந்தாமல் இருந்த கருவி வேறொன்று இல்லை எனலாம். கணினியைத் திறந்ததும் கையில் கிடைப்பதே கருவியாகிவிடுகிறது.

அதைவிட ஆழமான மாற்றம், 1993-இல் வந்த விண்டோஸ் என்.டி. வழியே நிகழ்ந்தது. வன்பொருளைப் பயன்பாட்டு நிரல் நேரே தொடக்கூடாது என்பது அதன் அடிப்படை விதி. இயக்கி எனப்படும் இடைநிரலிடம் கோரிக்கை வைத்துப் பெற வேண்டும். ஆகவே கண்காணிப்பு மென்பொருள் தன் இடத்தை மாற்றிக்கொண்டது. மார்க் ருசினோவிச் எழுதிய போர்ட்மான், பயன்பாட்டு நிரலுக்கும் இயக்கிக்கும் நடுவே ஒரு வடிகட்டியாக உட்கார்ந்து, இரு தரப்பும் பரிமாறிக்கொள்ளும் கோரிக்கைகள் அனைத்தையும் பட்டியலிட்டது. இன்று விற்பனையாகும் சீரியல் கண்காணிப்பு மென்பொருள்கள் பலவும் இதே வழியைப் பின்பற்றுகின்றன. இதன் ஆதாயம் பெரிது: கேபிளை அறுக்கவோ கூடுதல் முனை தேடவோ வேண்டாம், மூலநிரல் கிடைக்காத ஒரு பழைய நிரல் எந்த வேகத்தில், எந்த பாரிட்டியில் முனையைத் திறக்கிறது என்பதைக்கூட அறிந்துவிடலாம். அதைப் பகுப்பானாலும் நேராகச் சொல்ல இயலாது.

ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவர் காண்பது கம்பியை அன்று. நிரல் எட்டு பைட்டுகளை எழுதியது, இயக்கி ஏற்றுக்கொண்டது என்ற பதிவு, அவை கம்பியில் போயின என்பதற்குச் சான்றாகாது. பிற்கால 16550 சில்லில் பதினாறு பைட் கொள்ளும் சேமிப்பு வரிசை இருந்தது. அது பதினான்கு வரை நிரம்பும்வரையோ, நான்கு எழுத்து நேரம் புதிதாக ஏதும் வராமல் கழியும்வரையோ கணினியை எழுப்பாமல் இருக்கும்படி அமைக்க முடிந்தது. யூ.எஸ்.பி. மாற்றிகள் வந்தபின் இந்தத் தாமதம் மேலும் கூடியது. மடிக்கணினிகளில் சீரியல் முனை மறைந்துபோக, எஃப்.டி.டி.ஐ. போன்ற நிறுவனங்களின் சில்லுகள் கொண்ட சிறு கேபிளே பொறியாளரின் பையில் இடம்பிடித்தது. அத்தகைய சில்லில் வந்த பைட்டுகளைச் சேர்த்துவைத்து அனுப்பும் காத்திருப்பு நேரம் இயல்பாக 16 மில்லிவினாடி. முன்னர்ச் சொன்ன பதின்மூன்று பைட் விடை முழுவதும் 9600 பாட்டில் 15 மில்லிவினாடிக்குள் வந்து முடிந்துவிடும். ஆக விடை முழுவதும் ஒரே மூட்டையாக, ஒரே நேரக்குறியோடு திரையில் விழலாம். அதற்குள் கருவி நடுவில் 5 மில்லிவினாடி தயங்கி, விதியை மீறி நின்றிருந்தாலும் பதிவில் அதன் சுவடு இராது. 1980-களின் டாஸ் நிரல் பிடித்திருக்கக்கூடிய பிழையை, அதைவிடப் பலமடங்கு ஆற்றலுள்ள கணினி தவறவிடுகிறது. காத்திருப்பு நேரத்தை 1 மில்லிவினாடியாகக் குறைக்கும் அமைப்பு இயக்கியின் உள்தாளில் இருக்கிறது. தேடிப் போவோர் குறைவு.

அளவீடு கணக்காகவும் சான்றாகவும் மாறியபோது

இந்த விலகல் வெறும் தொழில்நுட்ப நுணுக்கமாக நின்றுவிடாமல் போனதற்கு, 2000-க்குப் பின் மின்துறையில் நிகழ்ந்த மாற்றங்கள் காரணம். தென்மண்டல மின்தொகுப்பின் ஒருங்கிணைந்த சுமை அனுப்புகைத் திட்டம் 2002-இல் செயலுக்கு வந்து, மின்நிலையங்களிலும் துணைமின் நிலையங்களிலும் வைக்கப்பட்ட ஆர்.டி.யூ. எனப்படும் தொலைமுனைக் கருவிகளின் அளவீடுகள் மாநில மையங்கள் வழியாகவும் நேராகவும் பெங்களூரிலுள்ள தென்மண்டலச் சுமை அனுப்புகை மையத்தைச் சேரத் தொடங்கின. இத்தகைய தொடர்புக்கென உருவான ஐ.இ.சி. 60870-5-101 நெறிமுறை, மாட்பஸ் போலன்றித் தெளிவான எல்லைக்குறிகளைக் கொண்டது: பதினாறடி எண்களில் எழுதினால், 68 என்ற பைட்டில் தொடங்கி, நீளத்தை இருமுறை கூறி, மீண்டும் 68 சொல்லி, 16 என்ற பைட்டில் முடியும். ஆயினும் அதுவும் நேரத்தைச் சார்ந்ததே; ஒரு செய்திக்குள் பைட்டுகளுக்கிடையே இடைவெளி கூடாது, பிழை கண்டால் 33 பிட் நேரமாவது தடம் ஓய்ந்திருக்க வேண்டும் என்பன அதன் விதிகள். மூட்டை கட்டும் மாற்றியின் பின்னால் நின்று இவ்விதிகள் காக்கப்படுகின்றனவா என்று தீர்ப்புச் சொல்ல இயலாது.

2003 ஜனவரி முதல் தென்மண்டலத்தில் நடைமுறைக்கு வந்த இருப்புத்திறன் அடிப்படையிலான கட்டணமுறை, நாளைப் பதினைந்து நிமிடக் கூறுகள் 96-ஆகப் பிரித்து, ஒவ்வொரு கூறிலும் திட்டமிட்டதற்கும் உண்மையில் அனுப்பியதற்கும் உள்ள வேறுபாட்டைத் தொகுப்பின் அதிர்வெண்ணுக்கு ஏற்பப் பணமாகக் கணக்கிட்டது. தென் மாநிலங்கள் பலவற்றுக்கும் மின்சாரம் அனுப்பும் நெய்வேலி நிலையங்களுக்கு இது மீட்டரின் வாசிப்பை வரவுசெலவுக் கணக்காக மாற்றியது. சிறப்பு மின்னளவிகளின் தரவு வாரந்தோறும் எடுக்கப்பட்டு மையத்துக்கு அனுப்பப்பட்டது. மின்னளவிகளின் ஒளிமுனைக்கென உருவான ஐ.இ.சி. 61107 வகை நெறிமுறையைக் கண்காணிப்பதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு: உரையாடல் 300 பாட்டில் தொடங்கி, மீட்டர் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட பின், இரு தரப்பும் ஒப்பி வேறு வேகத்துக்குத் தாவும். ஒரே வேகத்தில் பூட்டிவைத்த ஒட்டுக்கேட்பு நிரல் அறிமுகத்தை மட்டும் ஒழுங்காகக் காட்டிவிட்டு, பின்னர் குப்பையைக் கொட்டும். அனுபவமில்லாதவர் மீட்டர் பழுது என்று முடிவு கட்டுவார்.

மூன்றாவது மாற்றம் சுற்றுச்சூழல் துறையிலிருந்து வந்தது. அனல் மின்நிலையங்கள் உள்ளிட்ட 17 வகை மாசு மிகுந்த தொழில்கள் புகைபோக்கி உமிழ்வைத் தொடர்ந்து அளந்து இணையவழி அனுப்ப வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014 பிப்ரவரியில் ஆணையிட்டது; 2015 டிசம்பரில் வந்த திருத்த விதிகள் அனல் மின்நிலையங்களுக்குத் துகளின் வரம்பை இறுக்கி, கந்தக டைஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு, பாதரசம் ஆகியவற்றுக்கும் வரம்பு விதித்தன. வாரியத்தின் எதிர்பார்ப்பின் சாரம், இடையில் நிற்கும் கட்டுப்பாட்டுக் கணினிகளில் மதிப்பை மாற்ற இடமில்லாதபடி, பகுப்பாய்வுக் கருவியிலிருந்தே எண்முறையில் தரவு எடுக்கப்பட வேண்டும் என்பது. அந்த எண்முறை இணைப்பு நடைமுறையில் பெரும்பாலும் ஆர்.எஸ்.-232 அல்லது ஆர்.எஸ்.-485. அதாவது, 1960-இலும் 1983-இலும் பொறியாளர்களின் வசதிக்காக எழுதப்பட்ட இணைப்புகள் சட்டச் சங்கிலியின் ஒரு கண்ணியாயின. அந்தத் தடத்திலோ யார் பேசுகிறார் என்று உறுதி செய்யும் ஏற்பாடு எதுவும் கிடையாது. முதலாம் எண் கருவி என்று சொல்லிக்கொண்டு எதுவும் விடையளிக்கலாம், சோதனைக்குறி சிதைவைக் கண்டுபிடிக்குமே தவிர ஆள்மாறாட்டத்தைக் கண்டுபிடிக்காது. மேலே சொன்ன வடிகட்டி வகை மென்பொருளின் பதிவு இத்தகைய வழக்கில் எதை நிறுவும் என்ற வினா இங்கே கூர்மையடைகிறது: தரவுச் சேமிப்பு நிரல் இன்ன மதிப்பைப் பெற்றது என்பதை அது நிறுவும், கருவி இன்ன மதிப்பை அனுப்பியது என்பதை நிறுவ, கருவியின் உள்நினைவிலுள்ள பதிவோடு ஒப்பிட்டாக வேண்டும்.

மீண்டும் கம்பிக்கு

2010-க்குப் பின் பரவிய மலிவான லாஜிக் அனலைசர்கள் இந்த வரலாற்றின் போக்கைத் திருப்பின. யூ.எஸ்.பி. வழி இணையும் கைக்கடக்கமான அக்கருவிகள் எழுத்தைப் பெற முயல்வதில்லை. மின்னழுத்தம் மேலா கீழா என்பதை மட்டும் நொடிக்குப் பல இலட்சம் முறை படம்பிடித்துக் கணினிக்கு அனுப்பிவிடுகின்றன. தொடக்க பிட் எது, பாரிட்டி எது, எழுத்து எது என்பதையெல்லாம் சிக்ராக் போன்ற திறந்த மூல மென்பொருள் பின்னர் பிரித்தெடுக்கிறது. நொடிக்கு 2.4 கோடி மாதிரிகள் என்ற வேகத்தில், 9600 பாட்டின் ஒரு பிட்டுக்குள் 2500 மாதிரிகள் அடங்கும். நேரக்குறி மாதிரி எண்ணிக்கையிலிருந்தே பிறப்பதால், இயங்குதளத்தின் தாமதம் அதைத் தொடுவதில்லை. செய்திகளுக்கிடையிலான 4 மில்லிவினாடி அமைதி, திரையில் அளக்கத்தக்க நீளமாகவே நிற்கிறது. 1970-களின் பகுப்பான் செய்ததை, அதன் விலையில் மிகச் சிறு பங்கில் இவை செய்கின்றன.

இவற்றுக்கும் எல்லை உண்டு. மலிவான அனலைசரின் முனை 5 வோல்ட் வரைதான் தாங்கும், ஆர்.எஸ்.-232 தடத்தின் ±12 வோல்ட்டை நேரே கொடுத்தால் கருகிவிடும், ஆர்.எஸ்.-485-இன் வேறுபாட்டுக் குறிகையை அதனால் நேரடியாகப் புரிந்துகொள்ளவும் இயலாது. ஆகவே கருவிக்குள் இருக்கும் ஏற்பிச் சில்லின் வெளியீட்டில், மின்னழுத்தம் ஏற்கெனவே சீராக்கப்பட்ட இடத்தில்தான் அதைப் பொருத்த வேண்டியிருக்கிறது. நிலமின்னழுத்த வேறுபாடும், வழுக்கு வளையத்தின் பொறியும், மின்தடை விடுபட்ட முனையின் எதிரொலிப்பும் அந்தச் சில்லுக்கு முன்னாலேயே நிகழ்ந்து, அதன் வெளியீட்டில் வெறும் தவறான பிட்டாக மட்டும் வெளிப்படுகின்றன. சுரங்கத்தின் விளிம்பிலுள்ள பெட்டியில் அவற்றைத் தேடுபவர் இன்றும் அனலைசரோடு ஓர் ஆசிலோஸ்கோப்பையும், தனிமைப்படுத்தப்பட்ட வேறுபாட்டு அளவிமுனை ஒன்றையும் எடுத்துச் செல்ல வேண்டியிருக்கிறது.